பார்க்கலை சாரின் கழுத்து

தெருவில் அவளுக்கு ஊசியம்மா என்று பெயர். அக்குபங்சர் மருத்துவர் என்று பெரிதாக போர்டு மாட்டிப் பார்த்தாள், தெரு மசியவில்லை. போகட்டும், கூட்டத்துக்குக் குறைச்சல் கிடையாது. கழுத்து பிடித்துக்கொண்டவன், முட்டி வீங்கியவள், கையைத் தூக்க முடியாமல் சட்டையோடு மல்லுக்கட்டுகிறவர் என்று காலையிலேயே வாசல் பெஞ்சு நிறைந்துவிடும்.

அவளுக்கு இருந்த குறை வேறு. கார் ஓட்ட லைசென்ஸ் கிடைக்கவில்லை. எத்தனை தடவை ஃபெயில் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அவள் படுக்கையைக் காட்டி, "படுங்க, சொல்றேன்" என்றிருக்கிறாள். கையில் ஊசி இருந்ததால் ஒருவரும் படுக்கவில்லை.

ஃபெயில் போடுகிற அதிகாரிக்கு ஊர் வைத்த பெயர் பார்க்கலை சார். ஓட்டிக் காட்டி முடித்து, வண்டியை ஓரங்கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்து சீட்டில் இருக்கும் அந்த மனிதர் முன் கண்ணாடியை நேராகப் பார்த்தபடி ஒரே ஒரு வார்த்தை சொல்வார். "பார்க்கலை." அவ்வளவுதான். லேன் மாறுவதற்கு முன்னால் தலையைத் திருப்பி, தோளுக்கு மேலாகப் பின்னால் ஒரு பார்வை பார்க்க வேண்டும். கண்ணாடிகளில் தெரியாத மூலை ஒன்று உண்டு. அங்கே எவனாவது வந்துகொண்டிருப்பான். அந்த மூலையைப் பார்க்கவில்லை, ஆகவே ஃபெயில்.

"பார்த்தேன் சார்!" என்று அழுதவர்கள் உண்டு, சத்தியம் செய்தவர்கள் உண்டு. மனிதர் பிடி கொடுக்க மாட்டார். ஊசியம்மாவின் கணவரும் அவரிடம் ஃபெயிலானவர்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊருக்கே பார்வை சரிசெய்து அனுப்புகிற ஆளிடம் போய் "பார்க்கலை" என்றால் அவருக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். அன்றோடு அவர் ஸ்டியரிங்கைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஆசையாக வாங்கிய கார் வீட்டு முன்னால் நின்றது. வெளிச்சம் நன்றாக வருகிறது என்று அதற்குள் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார்.

ஊசியம்மாவால் அப்படிக் கும்பிட்டுவிட முடியவில்லை. அவளுக்கு ஒரு அக்கா இருந்தாள்.

அக்காவுக்கு மூட்டு வாதம். விரல் கணுக்களும் முட்டியும் வீங்கி, காலையில் எழுந்தால் கை விரியாது. போன வருஷம் தங்கை வீட்டில் கொஞ்ச நாள் தங்கியிருந்தபோது, டாக்டர் கொடுத்த மாத்திரையோடு ஊசியும் ஒழுங்காகப் போட்டதில் வீக்கம் வடிந்து, அக்கா தானே தலை பின்னிக்கொண்டாள். பிறகு மகளின் வேலைக்காக ஊரின் மறுகோடிக்குத் திரும்பிப் போனாள். இரண்டு பஸ் மாற வேண்டும், இரண்டாவது பஸ்ஸுக்கு நேரம் காலம் எதுவும் கிடையாது. ஒரு தடவை அக்கா பஸ்ஸில் கிளம்பி வந்தாள். படியில் ஏற்றி இறக்க ஆள் பிடித்து, வந்து சேர்ந்தபோது ஊசி போட்டுக்கொள்ளக்கூடத் தெம்பில்லாமல் அழுதாள். ஊசியம்மா பஸ்ஸில் போய் வருவதென்றால் ஒரு பகல் போய்விடும். பெஞ்சில் காத்திருப்பவர்களை என்ன செய்வது? வாடகைக் கார்க்காரர்களோ அந்தப் பக்கத்தின் பெயரைச் சொன்னதும் போனை வைத்துவிடுகிறார்கள். ஆக, கார் ஓட்டினால் அக்காவுக்கு ஊசி, ஓட்டாவிட்டால் இல்லை. விஷயம் அவ்வளவு நேரடியானது.

அக்காவோ இதையும் கிண்டல் செய்வாள். விரல் மடங்காததால் மூக்கால் போன் பட்டனை அழுத்திப் பேசுகிறவள் அவள்.

"என்னடி, இந்தத் தடவையாவது பாஸா?"

"இல்லக்கா. பார்க்கலையாம்."

"சரி விடு. ஊசியைத் தபால்ல அனுப்பு. நானே கண்ணை மூடிக்கிட்டு குத்திக்கறேன்."

இருவரும் சிரிப்பார்கள். போனை வைத்த பிறகு ஊசியம்மா அடுத்த தேர்வுக்கு விண்ணப்பம் எழுதுவாள்.

சிரிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது, ஊசியம்மாவுக்கு ஒரு வியாதி இருந்தது. பதற்றம் வந்தால் சிரிப்பு வரும். சும்மா புன்னகை இல்லை, அடிவயிற்றிலிருந்து குபுக்கென்று கிளம்பி, மூக்கு வழியாக ஒரு கீச்சொலியோடு முடிகிற சிரிப்பு. தேர்வுகளிலெல்லாம் அவள் அப்படித்தான் கீச்சிட்டுக்கொண்டே கியர் மாற்றினாள். பார்க்கலை சார் ஒரு தடவைகூடத் திரும்பி யார் இது என்று பார்த்ததில்லை. கல்மனசு என்று அவள் நினைத்திருந்தாள்.

ஒரு நாள் காலை அந்தக் கல்மனசு அவள் கிளினிக்குக்குள் நுழைந்தது. வாசலில் ஒரு திரும்பல், பெஞ்சைச் சுற்றி ஒரு திரும்பல். ஒவ்வொன்றுக்கும் பீரோவை நகர்த்துவது போல முழு உடம்பும் சேர்ந்து நகர்ந்தது. பின்னாலேயே அவருடைய மனைவி.

"இவருக்குக் கழுத்து திரும்பி வருஷக்கணக்காச்சு டாக்டர்," என்றாள் அந்த அம்மாள். "படம் எடுத்துப் பார்த்துட்டாங்க. பெரிசா பயப்பட ஒண்ணும் இல்லையாம், மூட்டுல அழற்சியாம், தசையெல்லாம் இறுகிக் கிடக்காம். வலி மாத்திரை போட்டுப் போட்டு வயிறு புண்ணாயிடுச்சு. சாப்பாட்டு மேஜையில எந்த நாற்காலியில உக்காந்தா இவர் கண்ணுல படுவேன்னு யோசிச்சே எனக்குக் கழுத்து வலி வந்துடுச்சு."

வந்தது யாரென்று ஊசியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத்தான் அவளைத் தெரியவில்லை. பதற்றம் ஏறியது. பதற்றம் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்லியிருக்கிறேன். உதட்டைக் கடித்தாள், கன்னத்தைக் கடித்தாள், கடைசியில் மூக்கு காட்டிக்கொடுத்துவிட்டது.

நாற்காலியில் உட்காரப் போனவர் அப்படியே நின்றார். "இந்தச் சிரிப்பை எங்கேயோ கேட்டிருக்கேனே."

"சாதாரணச் சிரிப்புதான் சார். எல்லா ஊர்லயும் கிடைக்கும்," என்றாள் அவள், ஸ்பிரிட் பஞ்சால் வாயை மூடிக்கொண்டு.

அவரை உட்காரவைத்துக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு பக்கம் சூடாக, கயிறு முறுக்கியது போல விறைத்துக் கிடந்தது. விரலை லேசாக அழுத்தியதற்கே மனிதர் "அம்மா!" என்றார். ஊரையே நடுங்கவைத்த வாயிலிருந்து வந்த "அம்மா". அந்த நிமிஷம் அவளுக்குப் பகை பாதி போய்விட்டது. இத்தனை வலியையும் வைத்துக்கொண்டு இவர் தினமும் வேலைக்குப் போகிறார், தெரியாதவர்கள் ஓட்டும் வண்டியில் பிரேக்குக்குப் பிரேக் குலுங்குகிறார்!

பொட்டலத்தைப் பிரித்து ஊசியை எடுத்தாள். தலைமுடி கனம்தான் இருக்கும். அதை அவர் கழுத்துக்குக் கொண்டு போகாமல், புறங்கையில் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில், கணுவுக்குக் கொஞ்சம் பின்னால் வைத்தாள்.

"வலி கழுத்துல," என்றார் அவர், பத்தாம் வகுப்புப் பிள்ளையைத் திருத்துகிற தொனியில்.

"பல்பு மேல தொங்குது. ஸ்விட்ச் சுவர்லதானே சார் இருக்கு?"

மனைவி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. ஊசி இறங்கியது அவருக்குத் தெரியவும் இல்லை. கழுத்துப் பிடிப்புக்கு இது ஊசியம்மாவின் வழக்கம்: ஊசி கையில் நிற்க, அதை மெல்லத் திருகிக்கொண்டே, நோயாளியைக் கழுத்தைச் சிறுகச் சிறுகத் திருப்பச் சொல்வாள். அவள் கண் முகவாயை விட்டு நகராது. தோளைத் தூக்கி ஏமாற்றுகிறார்களா, இடுப்பைத் திருப்பிச் சமாளிக்கிறார்களா, எல்லாவற்றையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பாள். எங்கேயாவது கல்யாண வீட்டில் யாராவது கழுத்தைத் திருப்பினால்கூட அவள் பேச்சை நிறுத்திவிட்டு அதைத்தான் பார்ப்பாள். தொழில் அப்படி.

"என் பக்கமா மெதுவாத் திருப்புங்க சார்."

திருப்பினார். மூக்கு கொஞ்சம் நகர்ந்தது, அதோடு நின்றது.

"இவ்வளவுதான். எப்பவும் இவ்வளவுதான்."

"நான் தெரியறேனா?"

"இல்லை. குரல்தான் வருது."

ஊசியம்மா தான் நின்றிருந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். அவருக்குப் பக்கவாட்டில், ஒரு கை தூரத்தில். காரில் ஓட்டுகிறவர் உட்காருகிற அதே இடத்தில்.

"சார்," என்றாள் மெதுவாக, "உங்க வேலையில பக்கவாட்டுல பார்க்க வேண்டி வராதா?"

"ரோட்டைப் பார்த்தாப் போதும். ஓட்டறவங்க தலையைத் திருப்பினா எனக்குத் தெரியாமலா போகும்? இந்த ஊர்ல ஒருத்தனும் திரும்பறதில்லை டாக்டரம்மா. அதான் துக்கம்."

ஊசியம்மா தன் தலையைத் தோளுக்கு மேலாக ஒரு திருப்பு திருப்பினாள். மறுபடி இந்தப் பக்கம். காதைப் பிடித்து ஆட்டினாள். நாக்கை நீட்டினாள். மூலையில் உட்கார்ந்திருந்த மனைவி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"இப்ப நான் என்ன செய்யறேன் சார்?"

"நேரா நிக்கறீங்க," என்றார் பார்க்கலை சார், கொஞ்சமும் சந்தேகமில்லாமல்.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு ஊசியம்மா உள்ளறைக்கு ஓடினாள். துண்டை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள், சுவரில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தாள். பஞ்சு டப்பா உருண்டது. குழாய் ரிப்பேர்காரர் ஒருவர் மட்டும் எடுத்த எடுப்பிலேயே பாஸான ரகசியமும் இப்போது விளங்கிவிட்டது. அவர் கழுத்தைத் திருப்பினால் நெட்டி முறிகிற சத்தம் தெருமுனைவரை கேட்கும்! சிரித்து ஓய்ந்தபோது கோபம் வந்தது. அக்காவின் விரல்கள் கண்முன் வந்தன. இத்தனை மாதம், இந்த ஒரு கழுத்துக்காகவா?

சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் காருக்குள் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். கேட்டதும் செய்தித்தாள் கையிலிருந்து நழுவியது.

"அப்ப நான் பார்த்தேன்! நான் பார்த்தேன்னு நான்தான் சொன்னேனே!" என்று ஹாரனை அழுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, ஒரே ஒரு ஊசி. எடுக்காம விட்டு வை. பாஸ் போடுங்க, எடுக்கறேன்னு சொல்லு" என்றார்.

"ஐயோ, வாயைக் கழுவுங்க."

"சரி, உண்மையையாவது போட்டு உடைச்சுடு."

"ஊசியைக் கையில வெச்சுக்கிட்டுச் சொன்னா மிரட்டற மாதிரி இருக்குங்க. என்கிட்ட வலியோட வந்தவர் அவர். முதல்ல கழுத்து திரும்பட்டும். திரும்பிட்டா அவரே பார்ப்பார், நானும் பாஸ் ஆயிடுவேன்."

அவளுடைய அடுத்த தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் திரும்ப வேண்டும். தன் வேலையில் அவள் எப்போதும் சிரத்தைதான் என்றாலும், இந்தக் கழுத்துக்குக் காட்டிய சிரத்தையை எந்தக் கழுத்துக்கும் காட்டவில்லை என்பதை மறைப்பானேன்? புறங்கையில் ஊசி, தோள் மேட்டில் ஊசி, முழங்காலுக்குக் கீழே ஊசி, கழுத்துக்குச் சூட்டு விளக்கு. ஒரு தடவைக்கு ஒரு தடவை சூடு குறைந்தது, முறுக்கு தளர்ந்தது. மனிதர் இரவில் தூங்க ஆரம்பித்தார்.

கூடவே இன்னொன்றும் நடந்தது. சிலருக்கு ஊசி எடுத்ததும் தலை லேசாகி ஒரு சந்தோஷக் கிறுகிறுப்பு வரும். பார்க்கலை சாருக்கு அது அமோகமாக வந்தது. எழுந்து நின்று எடை பார்க்கும் இயந்திரத்துக்கு வணக்கம் சொன்னார். வாசல் பெஞ்சில் இருந்தவர்களையெல்லாம் நலம் விசாரித்தார். அவரிடம் ஃபெயிலான இரண்டு பேர் அங்கே இருந்தார்கள், அவர்களுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

ஒரு நாள் மனைவி மட்டும் முன்னால் ஓடிவந்து ஊசியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நேத்து சாப்பிடறப்ப என் பக்கமாத் திரும்பினார் டாக்டர்! உத்து உத்துப் பார்த்துட்டு, 'நீ எப்ப கண்ணாடி போட ஆரம்பிச்சே?'ன்னு கேட்டார். பொண்ணு காலேஜ் சேர்ந்தப்பவே போட்டது!" சொல்லிவிட்டு அந்த அம்மாள் சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாது.

தேர்வு நாள் வந்தது. மைதானத்தில் பயிற்சி வண்டிகள் வரிசையாக நின்றன, பிளாஸ்டிக் நாற்காலிகளில் வழக்கமான வாடிய முகங்கள். காலையில் அக்கா மூக்கால் போன் போட்டிருந்தாள். "இன்னிக்கு நல்லாப் பாருடி. முன்னாடி பின்னாடி மேல கீழ எல்லாம் பாரு" என்று சொல்லிவிட்டு, கடைசியில் கிண்டல் இல்லாத குரலில், "ராத்திரி தூக்கமே இல்லடி" என்றாள். அது ஊசியம்மாவின் காதிலேயே நின்றுவிட்டது. இன்று எப்படியும் வாங்கிவிட வேண்டும்.

கதவைத் திறந்து ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டில் இருந்தவர் திரும்பினார். உடம்பு அசையாமல், கழுத்து மட்டும் திரும்பியது.

"டாக்டரம்மா! நீங்களா? முதல் தடவையா?"

அந்தக் கேள்விக்குச் சிரிப்பு குபுக்கென்று கிளம்பியது. அடக்கினாள், முடியவில்லை, கீச்சென்றது.

பார்க்கலை சாரின் கண்கள் விரிந்தன. "அந்தச் சிரிப்பு! நீங்கதானா அது?" பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்தார். "தெரிஞ்சவங்கன்னு தயவு தாட்சண்யம் எல்லாம் என்கிட்ட கிடையாது."

"வேண்டவே வேண்டாம் சார். பார்த்தாப் போதும்."

கிளம்பினார்கள். ஊசியம்மா அன்றைக்கு ஓட்டியதைப் போல அந்த ஊரில் எவரும் ஓட்டியதில்லை. மேட்டில் நிறுத்தி எடுத்தாள், வண்டி பின்னால் ஒரு விரல்கூட நகரவில்லை. இரண்டு லாரிகளுக்கு நடுவில் வண்டியை அலமாரியில் துணி வைப்பது போல நிறுத்தினாள். பார்க்கலை சாரோ புதுக் கழுத்தைச் சும்மா வைக்க முடியாமல், கடைகளைப் பார்த்தார், நாய்களைப் பார்த்தார், நிறுத்தத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்த்துக் கையாட்டினார். இருவருக்குமே தலைகால் புரியாத சந்தோஷம்.

"அடுத்த லேனுக்கு மாறுங்க," என்றார்.

இதோ, இதுதான் அந்த இடம். உள் கண்ணாடி பார்த்தாள். வெளிக் கண்ணாடி பார்த்தாள். இண்டிகேட்டர் போட்டாள். இனித் தலையைத் திருப்பித் தோளுக்கு மேலாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அதே நேரத்தில், அவள் பார்க்கிறாளா என்று பார்ப்பதற்காக, பார்க்கலை சார் அவள் பக்கம் திரும்பினார்.

எப்படித் திரும்பினார்! கிளினிக்கில் ஒரு நாளும் வராத அளவுக்கு, முகவாய் கிட்டத்தட்டத் தோளைத் தொட, முழுசாக. ஊசியம்மாவின் ஓரக்கண்ணில் அந்த முகவாய் நகர்வது பட்டது. பட்டதும் எல்லாம் போச்சு. அவள் தலையும் திரும்பியது, தோளுக்கு மேலே இல்லை, நேராக அவர் பக்கம்.

"தோளைத் தூக்காதீங்க சார்! கழுத்து மட்டும், கழுத்து மட்டும்... ஆங், அப்படித்தான்! இன்னும் கொஞ்சம்... ஆஹா!"

பார்க்கலை சார் சமர்த்தாகத் தோளை இறக்கி, இன்னும் கொஞ்சம் திருப்பினார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாயெல்லாம் பல்லாக இருந்தபோது, வண்டி தன் பாட்டுக்கு அடுத்த லேனுக்குப் போய்க்கொண்டிருந்தது. பின்னாலிருந்து தண்ணீர் லாரி ஒன்று அலறிய அலறலில் இருவருக்கும் உயிர் போய் வந்தது. பயிற்சி வண்டியில் தன் பக்கம் இருந்த இரண்டாவது பிரேக்கில் அவர் ஏறி நின்றார். லாரிக்காரன் இருவர் பரம்பரையையும் விசாரிப்பது போல எதையோ கத்திவிட்டுப் போனான்.

ஓரங்கட்டினார்கள்.

"பார்க்கலை," என்றார் பார்க்கலை சார்.

"பார்க்கலை சார்," என்று ஒப்புக்கொண்டாள் ஊசியம்மா. "நீங்களும் ரோட்டைப் பார்க்கலை."

முதலில் யார் ஆரம்பித்தது என்று தெரியாது. அவள் கீச்சிட்டாள், அவர் தொப்பை குலுங்கச் சிரித்தார், வண்டி குலுங்கியது. "கழுத்து மட்டும்!" என்று அவர் சொல்லிக்காட்ட, அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். ஹாரன் அடித்தது, அதற்கும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தபோது அவளுடைய சிரிப்பு வழி மாறி அழுகையாகிவிட்டது. ராத்திரி தூக்கமே இல்லடி என்ற குரல் மறுபடி கேட்டது. கழுத்தைச் சரிசெய்தது அவள். கண்ணைத் தவறவிட்டதும் அவளேதான். யாரை நோவது?

அக்காவைப் பற்றிச் சொன்னாள். வீங்கின விரலைச் சொன்னாள், இரண்டு பஸ்ஸைச் சொன்னாள், மூக்கால் அழுத்துகிற போனைச் சொன்னாள். பார்க்கலை சார் சிரிப்பை நிறுத்திக் கேட்டார்.

"முன்னாடி வந்தப்பல்லாம்," என்றார் கடைசியில், "பார்த்தீங்களா?"

"ஒவ்வொரு தடவையும் பார்த்தேன் சார்."

"மத்தவங்க?"

"மத்தவங்களைப் பத்தி எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் பார்த்ததா சத்தியம் பண்றார்."

அவர் கையால் கழுத்தைத் தடவிக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. அந்த மைதானத்து நாற்காலிகளில் வருஷக்கணக்காக வந்து உட்கார்ந்த வாடிய முகங்கள், அவர் ஒரு நாளும் திரும்பிப் பார்க்காத முகங்கள், எல்லாம் அவருக்கு இப்போதுதான் தெரிந்தன போலிருக்கிறது. "எல்லாரையும் மறுபடி கூப்பிடணும்," என்றார், அவளிடம் இல்லை, தனக்குத்தானே. "ஒருத்தர் விடாம கூப்பிடணும்."

பிறகு நிமிர்ந்தார். "ஆனா இன்னிக்கு உங்களுக்கு பாஸ் போட முடியாது. இன்னிக்கு நீங்க நிஜமாவே பார்க்கலை."

"போடாதீங்க சார். போட்டா அந்த லாரிக்காரனே திரும்பி வந்து உங்களை அடிப்பான்."

"அடுத்த தேதிக்கு எப்படியும் நாளாகும். அதுவரைக்கும் அக்கா?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பழகறவங்க ரோட்டுல ஓட்டலாமே," என்றார் அவர். "லைசென்ஸ் உள்ள ஆள் ஒருத்தர் பக்கத்துல இருந்தாப் போதும். சட்டம் அப்படித்தான்."

"லைசென்ஸ் உள்ள ஆளுக்கு நான் எங்க சார் போவேன்? எங்க தெருவையே நீங்க ஃபெயில் பண்ணி வெச்சிருக்கீங்க. பாஸான ஒரே குழாய்க்காரரும் வெளியூருக்குப் போயிட்டார். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரைக் கேட்கலாம்னா, ஃபெயிலானவங்க கூட்டத்துல அவருக்கு மூச்சு விட நேரமில்ல."

பார்க்கலை சார் கொஞ்ச நேரம் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய மாதிரியே, நேராக. பிறகு கழுத்தை மட்டும் திருப்பினார்.

"என்கிட்ட இருக்கே."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊசியம்மாவின் கார் வீட்டு முன்னாலிருந்து அசைந்ததைத் தெருவே நின்று பார்த்தது. கணவரைச் செய்தித்தாளோடு பின் சீட்டுக்குத் தள்ளியிருந்தார்கள். அவர் பக்கத்தில் பார்க்கலை சாரின் மனைவி, மடியில் ஊசிப் பெட்டி. முன் சீட்டில் அவர். "கண்ணாடி... இண்டிகேட்டர்... தோள்... பார்த்தீங்களா? பார்த்தீங்க! நான் பார்த்தேன்!" என்று வழியெல்லாம் சந்தோஷக் கூச்சல். பின் சீட்டிலிருந்து கணவர், "நானும் அன்னிக்கு இப்படித்தான் சார் பார்த்தேன்" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்லிக்கொண்டே வந்தார். ஊசியம்மா வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே ஓட்டினாள், கண் ரோட்டில் இருந்தது. லேன் மாறும்போதெல்லாம் தோளுக்கு மேலாகத்தான் பார்த்தாள். பக்கத்துக் கழுத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, அது எவ்வளவு கஷ்டம் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

அக்காவிடம் சொல்லவில்லை. காரைச் சரியாக வாசலுக்கு நேரே நிறுத்தி ஹாரன் அடித்தாள். ஜன்னல் திரை ஒதுங்கியது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அந்த ரொம்ப நேரமும் ஒவ்வொரு அடியாக அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிற நேரம் என்று ஊசியம்மாவுக்குத் தெரியும். ஓடிப்போய்ப் படியேறினாள். கதவு திறந்தது.

அக்கா காரைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். "பாஸாடி!"

"ஃபெயில்க்கா."

"அப்புறம் எப்படிடி வந்தே?"

"ஃபெயில் போட்டவரையே பக்கத்துல உக்காரவெச்சு ஓட்டிக்கிட்டு வந்துட்டேன்."

அக்கா எட்டிப் பார்த்தாள். காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மனிதர் கழுத்தைத் திருப்பி அவளுக்கு வணக்கம் சொன்னார். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கதவில் சாய்ந்து, "ஐயோ, முட்டி வலிக்குதுடி, சிரிக்க வைக்காதே" என்று கெஞ்சிக்கொண்டே, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தங்கை அவளைக் கட்டிக்கொண்டு உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தாள். ஊசிப் பெட்டியைத் திறந்தாள்.

அக்கா சிரிப்பு அடங்காமலே, வீங்கின இரண்டு கைகளையும் அவளிடம் நீட்டினாள்.